ஓகிள் தரவில் மைக்ரோலென்சிங் தேடுவது எப்படி?

முன்னே கடக்கும் பொருளின் ஈர்ப்பு லென்சைப்போல் செயல்பட்டு, பின்னால் உள்ள விண்மீனைச் சில காலம் பிரகாசமாகக் காட்டுவதே மைக்ரோலென்சிங். சிலியின் லாஸ் கம்பானாஸில் 1.3 மீட்டர் தொலைநோக்கியால் பால்வீதியின் மையப் பகுதியைக் கண்காணிக்கும் ஓகிள் (OGLE) குழுவின் முன்னெச்சரிக்கைத் தளத்தில், ஒவ்வொரு நிகழ்வின் அளவீடுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. விடை தெரிந்த இந்த நிகழ்வுகளில் முதலில் பழகுங்கள்.

கோப்பின் முதல் மூன்று நெடுவரிசைகள் போதும்: ஜூலியன் நாள் (தொடர் எண்ணாகக் குறிக்கப்படும் நாள்), ஐ-பட்டை (அகச்சிவப்பை ஒட்டிய வடிகட்டி) வழியே அளந்த பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), அதன் பிழை. பைத்தானில் ஏற்றியதும் பொலிவெண்ணை ஒளிப்பாய்வாக மாற்றுங்கள்.

பாய்வு = 10^(0.4 × (22 − பொலிவெண்))
பாய்வுப் பிழை = 0.921 × பாய்வு × பொலிவெண் பிழை

பொலிவெண் 18.00, பிழை 0.03 என்றால் பாய்வு 39.8, பிழை 1.1 வரும்.

அடுத்தது அடிநிலை, அதாவது நிகழ்வு இல்லாதபோது விண்மீனின் வழக்கமான பாய்வு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உச்சத்தைச் சுற்றி 360 நாட்களை ஒதுக்கிவிட்டு, மீதிப் புள்ளிகளின் சராசரியையும் கை-வர்க்கத்தையும் (ஒவ்வொரு புள்ளியின் விலகலையும் அதன் பிழையால் வகுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டியது) கணக்கிடுங்கள். கை-வர்க்கம் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 2-க்கு மேல் போனால் இரண்டில் ஒன்று: பிழைகள் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கும், அல்லது அது மாறொளி விண்மீன். அதே பொலிவுள்ள மற்ற கோப்புகளோடு ஒப்பிடுங்கள். அவற்றிலும் அப்படியே வந்தால் மட்டும் பிழைகளைப் பெருக்கிச் சரிசெய்யுங்கள். ஒப்பிடாமல் பெருக்கினால் மாறொளி விண்மீனும் அமைதியானதாகத் தெரியும்.

இப்போது அடிநிலைக்கு மேல் 3 சிக்மா (பிழையின் மூன்று மடங்கு) தாண்டிய, தொடர்ச்சியான 3 புள்ளிகளாவது உள்ளனவா என்று தேடுங்கள். ஒரே இரவில் ஓரிரு புள்ளி மட்டும் எகிறினால் சிறுகோள் கடந்திருக்கலாம்.

தேறியவற்றுக்கு மாதிரியைப் பொருத்துங்கள். வி என்பது லென்சுக்கும் (முன்னே கடக்கும் பொருள்) விண்மீனுக்கும் வானில் உள்ள விலகல்; அதை ஐன்ஸ்டைன் ஆரம் என்ற, லென்சின் ஈர்ப்பு விளைவின் அளவுகோலால் அளக்கிறோம். அந்த ஆரத்தைக் கடக்க ஆகும் நேரமே ஐன்ஸ்டைன் காலம். கலந்த பாய்வு என்பது அருகில் சேர்ந்து தெரியும் மற்ற விண்மீன்களின் ஒளி.

பெருக்கம் = (வி² + 2) ÷ (வி × √(வி² + 4))
வி² = குறைந்தபட்ச விலகல்² + ((நாள் − உச்ச நாள்) ÷ ஐன்ஸ்டைன் காலம்)²
மொத்தப் பாய்வு = விண்மீன் பாய்வு × பெருக்கம் + கலந்த பாய்வு

குறைந்தபட்ச விலகல் 0.3, ஐன்ஸ்டைன் காலம் 20 நாள், உச்ச நாளுக்கு மிகப் பிரகாசமான புள்ளியின் நாள் என்று தொடங்கி, பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் உள்ள நெல்டர்-மீட் என்ற தேடல் முறையில் இந்த மூன்றை மட்டும் தேடவிடுங்கள். இரண்டு பாய்வுகளையும் ஒவ்வொரு படியிலும் நேர்கோட்டுப் பொருத்தமே தந்துவிடும்.

வேகமாக ஏறி மெல்ல இறங்கினால், அல்லது வேறொரு ஆண்டிலும் அதேபோல் பொங்கியிருந்தால், குறுநோவா (அவ்வப்போது திடீரெனப் பொங்கும் இரட்டை விண்மீன்) என்று சந்தேகியுங்கள். ஆனால் 100 நாளைத் தாண்டும் நீண்ட நிகழ்வில் சமச்சீர் குலைந்தால் தூக்கியெறிய வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றுவதாலும் அப்படி ஆகும்.

உச்சம் தாழ்வாக இருந்தால் கிடைத்த ஐன்ஸ்டைன் காலத்தை உடனே நம்பாதீர்கள். மங்கலான விண்மீன், குறைந்த விலகல், நீண்ட காலம் என்ற சேர்க்கையும் ஏறக்குறைய அதே வளைகோட்டைத் தரும். கலந்த பாய்வைப் பூச்சியமாக்கி மறுபடி பொருத்துங்கள். கை-வர்க்கம் பெரிதாக மாறாமல் காலம் மட்டும் நகர்ந்தால், இரண்டு விடைகளையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.