பழைய பிளக்கைத் தூக்கிப் போடும் முன் நுனியைப் பாருங்கள்

கார் மிஸ் அடித்தால், அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓடினால், புது ஸ்பார்க் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தருவது) போட்டுவிட்டுப் பழையதைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். எறியும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இன்ஜினைப் பிரிக்காமலே சிலிண்டருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை. பெட்ரோல் வண்டிக்குத்தான் இது, டீசலில் இருப்பது ஹீட்டர் பிளக்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும். பிளக் இறங்கியிருக்கும் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள்.

இப்போது நுனியில் இருக்கும் பீங்கானைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி விரலில் ஒட்டினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, ஏர் ஃபில்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியிலும் கரி படியும், ஏனென்றால் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும், இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வரும்? வெளுத்துக் கொப்புளம் தட்டியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதிகச் சூடு, பிஸ்டனே ஓட்டையாகலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த இடத்தில் என்று பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு பிளக் எண்ணெயில் குளித்து வந்தது, பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள் பட்டறையில். துடைத்துப் பார்த்தால் நுனி காய்ந்து பழுப்பாகவே இருந்தது, எண்ணெய் முழுக்க மேல்பக்கத்து வெள்ளை உடம்பில். டாப்பெட் கவர் (இன்ஜின் மேல்மூடி) ரப்பர் கசிந்து குழிக்குள் இறங்கியிருக்கிறது, ரப்பரை மாற்றியதோடு சரியாகிவிட்டது. நுனியே ஈரமாக இருந்தால்தான் ரிங், வால்வ் சீல் மேல் சந்தேகம் வர வேண்டும்.

புதுசு வாங்கும்போது வண்டிப் புத்தகத்தில் உள்ள நம்பரையே கேளுங்கள். பிராண்ட் மாற்றினால் கவனம், என்ஜிகேயில் சூட்டு வகையைச் சொல்லும் நம்பர் கூடினால் குளிர்ந்த வகை, அதாவது நுனிச் சூட்டை வேகமாகக் கடத்திவிடுவது, பாஷில் அப்படியே தலைகீழ். நுனியில் பொறி தாவும் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆனால் இரிடியம் என்றால் நெம்பவும் வேண்டாம், கம்பி பிரஷ் போடவும் வேண்டாம், மெல்லிய முனை உடைந்துவிடும்.

மாட்டும்போது ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, உட்காரும் வரை கையாலேயே திருகுங்கள். வழியில் இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். உட்கார்ந்த பிறகு, வாஷர் வைத்த புது பிளக்குக்கு ஸ்பேனரில் அரைச் சுற்று, மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்.