சாமி, வேதம், விரதம்: கொழும்பில் எதை எங்கே பேசலாம்?

"மதம் அவரவர் சொந்த விஷயம், வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்கள் கொழும்பு பஸ்ஸில் ஏறியதே இல்லையோ என்று எனக்குத் தோன்றும். டிரைவரின் தலைக்கு மேலே புத்தரோ பிள்ளையாரோ யேசுவோ கலர் லைட்டோடு இருப்பார். பெயரைச் சொன்னால் பாதி தெரிந்துவிடும், மீதியைப் பொட்டோ தொப்பியோ கழுத்துச் சிலுவையோ வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுப் பெட்டியோ சொல்லிவிடும். ஆகவே இந்த ஊரில் மறைப்பதா காட்டுவதா என்று உட்கார்ந்து யோசிக்கப் பெரிதாக இடமில்லை. நம்பிக்கையை முன்னால் வைத்து எதிரில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கேட்கிறவரால் எழுந்து போக முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் பேசுங்கள். முடியாது என்றால் அவராகக் கேட்கும்வரை பேச்சை எடுக்காதீர்கள்.

எழுந்து போக முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட நிறையப் பேர். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர், உங்களிடம் டியூஷன் படிக்கிற பிள்ளை, கடன் வாங்கியவர், வெள்ளத்தில் எல்லாம் போய் உங்கள் கையால் அரிசிப் பையை வாங்குகிறவர். ஆஸ்பத்திரி வார்டில் இதை அடிக்கடி பார்க்கலாம். தன் உறவினரைப் பார்க்க வந்தவர் பக்கத்துக் கட்டில்காரர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார், இல்லையென்றால் கேட்காமலே நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். அவரும் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டுவார். ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, வேறென்ன செய்வார்? அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ப் பிரார்த்தியுங்கள், எந்தத் தெய்வமும் தூரம் பார்ப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சுடுதண்ணீர் போத்தலை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

அதே நேரம், சொல்லியே ஆகவேண்டிய விஷயங்களும் இருக்கின்றன, அங்கே கூச்சப்பட்டு அடக்கி வைப்பதால்தான் பின்னால் சண்டை வருகிறது. உங்கள் நம்பிக்கை மற்றவரின் நேரத்தையோ சமையலையோ காசையோ தொடுகிறது என்றால் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வெள்ளவத்தையில் அனெக்ஸ் வாடகைக்கு விடுகிறீர்கள், வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்றால் முதல் போன் பேச்சிலேயே சொல்லுங்கள். முற்பணம் வாங்கி, அவர்கள் கட்டிலும் அலுமாரியும் ஏற்றி வந்து இறக்கிய பிறகு "இது சைவ வீடு" என்று ஆரம்பிப்பது அநியாயம். வாடகைக்குப் போகிறவரும் அப்படித்தான், கிழமைக்கு ஒருமுறை முப்பது பேர் வந்து பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள் என்றால் கேற் திறக்கிறவருக்கு அது முன்பே தெரிய வேண்டும்.

கந்தோரில் இன்னும் சுலபம். காரணத்தை நீட்டி முழக்காமல் திகதியையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றரை வரைக்கும் ஜும்ஆவுக்குப் போவேன், மீட்டிங்கை இரண்டு மணிக்கு வைக்கலாமா?" இவ்வளவுதான். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் என்றால் அந்தக் கிழமை டீம் லஞ்ச் வைக்க வேண்டாம் என்று காலண்டர் போடும்போதே சொல்லுங்கள். அன்றைக்குப் போய் மேசையில் சும்மா உட்கார்ந்து எல்லோரையும் சங்கடப்படுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். விரதத்தின் மகிமையை மற்றவர்கள் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் அவர்கள் பாட்டுக்குப் பிரியாணியைச் சாப்பிடட்டும்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. தைப்பொங்கலுக்குப் பொங்கிப் படைத்ததைச் சில முஸ்லிம்களும் சில கிறிஸ்தவர்களும் சாப்பிடமாட்டார்கள், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள், நீங்கள் திரும்பியதும் அந்தக் கிண்ணத்தை என்ன செய்வதென்று முழிப்பார்கள். படைப்பதற்கு முன்பே அவர்களுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்து, "இது படைக்காதது" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும்போது, நீங்கள் முட்டை சாப்பிடாதவர் என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அழைப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு: ஒருமுறை கூப்பிடுங்கள், வரவில்லையா, விட்டுவிடுங்கள். கொழும்பில் யாரும் கூப்பிடாமலே ஒருவர் கோயிலுக்கு இன்னொருவர் போகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்த வரிசையில் நிற்பவர்களில் பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆடிவேல் காலி வீதியில் வரும்போது வாசலில் நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் சைவர்களும் அல்ல, வெசாக் தன்சலில், அதாவது இலவச அன்னதானப் பந்தலில், சோற்றுக்கு நிற்பவர்கள் எல்லோரும் பௌத்தர்களும் அல்ல. வாசல் திறந்திருந்தால் வருகிறவர் வருவார். இரண்டாம் தரம் மூன்றாம் தரம் கேட்கும்போது அவர் உங்களை லிஃப்டில் கண்டால் படியால் இறங்கத் தொடங்குவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரை அதைத் தனியாகவோ கூட்டாகவோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வெளிப்படுத்தப் பிரஜைகளுக்கு உரிமை தருகிறது. ஆனால் இந்திய அரசியலமைப்பில் இருப்பதுபோல மதத்தைப் பரப்பும் உரிமை என்று இங்கே தனியாக எழுதப்படவில்லை, 2003இல் உயர் நீதிமன்றமும் அப்படியொரு அடிப்படை உரிமை இல்லை என்றே சொன்னது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. கேட்க விரும்புகிறவரிடம் பேசுவதை எப்படிப் பிரித்து எடுப்பது? ஆனாலும் துண்டுப் பிரசுரத்தோடு வீடு வீடாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பஜனைக்கு ஒலிபெருக்கி கட்டுகிறீர்கள் என்றால், 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளைப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு மணிவரை பொதுவாக அனுமதி கிடையாது, விசேஷ நாட்களுக்கு மட்டுமே விலக்கு. சத்தத்திலிருந்தும் யாராலும் எழுந்து போக முடியாதே!

ஃபேஸ்புக்கில் உங்கள் சாமியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், பிடிக்காதவர் தாண்டிப் போய்விடுவார். அடுத்தவர் சாமியைப் பற்றி எழுதும்போதுதான் கவனம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் மதவெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது, ஆனால் 2019இல் சக்திக சத்குமார என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக அதே சட்டத்தில் பிடிபட்டு நாலு மாதத்துக்கும் மேலே உள்ளே இருந்தார். அப்புறம் நீங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குரூப். தண்ணீர் வெட்டு, லிஃப்ட் பழுது, மெயின்டனன்ஸ் காசு எல்லாம் அதில்தான் வருகிறது, ஆகவே யாரும் அதைவிட்டு விலக முடியாது. தினமும் காலையில் வேத வசனமோ தேவாரமோ ஹதீஸோ போடுகிற இடம் அது அல்ல, அதற்கென்று வேறு குரூப் ஆரம்பித்து விருப்பமானவர்களைச் சேருங்கள்.

உங்களிடம் யாராவது பிரசங்கிக்க வந்தால் வாதாடியே ஆகவேண்டும் என்றில்லை. "நன்றி, எங்களுக்கு எங்கட கோயில் இருக்கு, வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றால் பெரும்பாலும் போய்விடுவார்கள்.

அடையாளத்தை ஒளிக்கிறவர்களைக் கோழை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் இறங்கிய பெண்களும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அபாயாவோடு பஸ் ஏறப் பயந்தவர்களும் இந்த ஊரில்தான் இருந்தார்கள். பயமான காலத்தில் தொப்பியைப் பையில் வைப்பதும் சங்கிலியைச் சட்டைக்குள் விடுவதும் அவரவர் முடிவு. பக்கத்தில் இருக்கிறவர் செய்யக்கூடியது கூடவே நடந்து போவதுதான்.

கடைசியாக, நம்பிக்கை மாறிப்போனவர்களுக்கும் நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும். சித்தி, பெரியம்மா, லேன்காரர் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அம்மா அப்பாவுக்கும் உங்களுக்கு வசதியான நேரத்தில் சொல்லலாம், கோயில் திருவிழா அன்றும் செத்தவீட்டிலும் மட்டும் வேண்டாம். ஆனால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டால் கதை வேறு, பெண்ணோ மாப்பிள்ளையோ எழுந்து போகக்கூடிய நேரம் அதுதான். புரோக்கர் கையில் சாதகம் போவதற்கு முன்பே சொல்லுங்கள், வீட்டில் தடுத்தால் முதல் சந்திப்பில் அந்த ஆளிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள், வீட்டில் சாமியறை இருக்குமா, பிள்ளைகளை எப்படி வளர்க்க நினைக்கிறீர்கள்.