பண்டல் கடை, அம்மாவின் அலமாரி, தையல்காரர்: கோலாலம்பூரில் பழைய பாணி உடுத்துவது எப்படி

பழைய பாணியில் உடுத்த ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எங்கே வாங்குறே?" என்றுதான். எங்கேயும் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் போட்டோ ஆல்பத்தை எடுங்கள். ஸ்டூடியோ திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்த 60, 70களின் படங்கள் எந்தக் குடும்பத்திலும் ஒன்றிரண்டாவது இருக்கும். முகங்களை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். ரவிக்கையின் கை எங்கே முடிகிறது, சட்டைக் காலர் எவ்வளவு நீளம், சிலுவார் (கால்சட்டை) இடுப்பில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, பாதத்தில் எவ்வளவு அகலம். இதில் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று விஷயங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் தையல்காரரிடம் காட்ட அதுதான் உதவும்.

ஏனென்றால் ஒரு காலத்தின் சாயல் முக்கால்வாசி வெட்டில்தான் இருக்கிறது. 50கள் என்றால் இடுப்பு தொப்புள் உயரத்துக்கு ஏறும், பெண்களுக்குப் பாவாடை விரியும், ஆண்களுக்குச் சிலுவாரில் மடிப்பு விழும். பினாங்கில் பிறந்த நடிகர் பி. ராம்லியை அந்தக் காலப் படங்களில் பார்த்தாலே புரிந்துவிடும். 60களில் எல்லாம் ஒடுங்கி நேராகிறது, பாப் யே யே இசைக்குழுக்காரர்கள் போட்ட ஒட்டிய கோட்டும் குறுகிய சிலுவாரும் அதுதான். 70களில் காலர் நீண்டு பெல்பாட்டம் வந்தது, 80களில் தோள் பெரிதானது. உண்மையான 1965ஆம் ஆண்டுச் சட்டை கிடைக்காவிட்டாலும் அதன் வெட்டு கிடைத்தால் போதும், பார்ப்பவர்களுக்கு அந்தக் காலம் தெரியும். அதே சமயம் உண்மையான பழைய சட்டையே கிடைத்தாலும் உங்கள் உடம்பில் சரியாக உட்காராவிட்டால் வேறு யாரோ போட்டுக் கழித்ததுபோலத்தான் தெரியும். ஆகவே பட்ஜெட்டில் ஒரு பங்கைத் தையலுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பண்டலுக்குப் போகும் முன்

பண்டல் கடைகளுக்கு, அதாவது பழைய துணிக் கடைகளுக்கு, வரும் சரக்கில் பெரும்பகுதி ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருவது. கோலாலம்பூரில் சௌகிட் பக்கம் அலைந்து பார்க்கலாம், பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா எல்.ஆர்.டி. ரயில் நிலையம் அருகே அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தை உண்டு, ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகளில் புக்-ஆஃப் என்ற பழைய பொருள் நிறுவனம் ஜப்பானில் விற்காமல் மிஞ்சிய சரக்கு வந்து இறங்குகிறது. பினாங்குக்காரர்கள் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிய பிறகு பொறுமையும் இருக்காது, சரக்கும் இருக்காது. எந்தக் கடையானாலும் புது மூட்டை எந்த நாளில் உடைப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். சிரித்த முகமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பல கடைகளில் உடுத்திப் பார்க்க அறை இருக்காது. இருந்தாலும் ஒரு திரை, அதற்கு முன்னால் நாலு பேர் வரிசை. அதனால் வீட்டிலேயே உங்களுக்கு மிகவும் பொருந்தும் ஒரு சட்டையைக் கட்டிலில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள்பட்டை, முழு நீளம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிலுவாருக்கு இடுப்புப் பட்டி, பிட்டம், தொடைக் கவட்டிலிருந்து பட்டி வரையிலான உயரம். இந்தக் கடைசி அளவைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், 50களின் சாயல் அதில்தான் இருக்கிறது. பையில் ஒரு அளவு நாடா. லேபிளில் எல் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஜப்பான் எல் பெரும்பாலும் நம் எம் அளவுக்குத்தான் வரும்.

எதைச் சரி செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொத்தான் போயிருந்தால், எலாஸ்டிக் செத்திருந்தால், ஜிப் சிக்கினால் எல்லாம் சின்ன வேலை. சிலுவார் இடுப்பை இரண்டு அங்குலம் வரை பின்பக்கத்தில் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். தோள் பெரிதாக இருக்கும் கோட்டை மட்டும் எடுக்காதீர்கள்; கையைப் பிரித்து, உள்துணியைப் பிரித்து மறுபடி பூட்டும் கூலியில் நல்ல துணியே வாங்கிவிடலாம். சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அக்குளையும் காலரையும் பாருங்கள். பட்டில் மஞ்சள் வேர்வைக் கறை, பருத்தியில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி, இரண்டும் கிட்டத்தட்ட போகவே போகாது. நாற்றம் போகும்.

லேபிளைப் படிப்பது

பழசு என்று சொல்லி விலை ஏற்றும்போது இது கைகொடுக்கும். ஜப்பான் சரக்கில் துவைப்புக் குறி லேபிளைப் பாருங்கள். 2016 டிசம்பரில் ஜப்பான் தன் குறிகளை உலகப் பொதுக் குறிகளுக்கு மாற்றிக்கொண்டது. அதற்கு முன்னால் வந்த துணிகளில் துவைக்கும் இயந்திரத்தின் சின்ன வரைபடம், அதற்குள் 30 அல்லது 40 என்ற எண், காயப்போடுவதற்குச் சட்டை வடிவம், வெளுப்புக் காரத்துக்கு ஆய்வகக் குடுவை, இப்படியெல்லாம் இருக்கும். ஜப்பானிய லேபிளில் வெறும் சதுரமும் முக்கோணமும் வட்டமும் மட்டும் இருந்தால் அது சமீபத்தியது, 90களின் சட்டை என்று யார் சத்தியம் செய்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

டி-சட்டையில் கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் புரட்டினால் ஒற்றை வரித் தையலா, இரட்டை வரியா என்று தெரியும். அமெரிக்க டி-சட்டைகளில் ஒற்றை வரி 90களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்தது, அப்புறம் இரட்டைத் தையல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புத் துணித்துண்டில் பெயருக்குள் இருக்கும் 'ஈ' 1971 வரை பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. ஆனால் அந்தப் பெரிய 'ஈ'யை வைத்தே மறுபதிப்பு ஜீன்ஸ் வருகிறது, லீவைஸே போடுகிறது, அதனால் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து நூற்றுக்கணக்கான வெள்ளியை எடுத்து நீட்ட வேண்டாம். பாத்தேக் சட்டை என்றால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு பிடித்துச் சாயம் ஏற்றியது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும், அச்சடித்தது பின்பக்கம் வெளுத்திருக்கும். அப்பாவுடைய நீண்ட காலர் வைத்த பாத்தேக் சட்டை எங்காவது மடித்துக் கிடந்தால் விடாதீர்கள். அரசாங்க அலுவலகங்களில் வியாழக்கிழமை பாத்தேக் நாள், 70களின் சட்டையை ஒருவரும் ஏன் என்று கேட்காமல் போட்டுப் போகக் கிடைக்கும் ஒரே நாள் அதுதான்.

துணி என்ன என்று சந்தேகமா, உள் தையலோரத்திலிருந்து இரண்டு இழை நூலை உருவி, வீட்டில், சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் சாம்பலும் என்றால் பருத்தி அல்லது ரேயான், முடி கருகும் நாற்றம் என்றால் பட்டு அல்லது கம்பளி, உருகிக் கடினமான உருண்டையானால் பாலியஸ்டர். கடைக்குள் செய்து காட்டாதீர்கள்.

சேலையிலிருந்து வட்டப் பாவாடை

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. அம்மாக்களின் அலமாரியில் யாரும் கட்டாமல் கிடக்கும் வாயில் (voile) எனும் மெல்லிய துணிச் சேலை, சின்னப் பூப்போட்ட பூனம் சேலை, இவை 50களின் வட்டப் பாவாடைக்கு அளவெடுத்ததுபோல் அமையும். கணக்கு எளிது. இடுப்பளவை 6.28 ஆல் வகுத்தால் நடுவில் வெட்ட வேண்டிய வட்டத்தின் ஆரம். 28 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய 4.5. பாவாடை நீளம் 28 என்றால் அதோடு கூட்டி, மடித்துத் தைக்க ஓர் அங்குலமும் சேர்த்தால் 33.5 அங்குலம். இப்படி இரண்டு அரைவட்டம் வெட்ட வேண்டும், ஒவ்வொன்றும் 67 அங்குல நீளத்தைத் தின்னும், ஆக 134, அதாவது சுமார் 3.4 மீட்டர். சேலை 5.5 மீட்டர். மீதி இரண்டு மீட்டரில் முந்தானையோடு ஒரு ரவிக்கையோ கழுத்துக்குட்டையோ வந்துவிடும். தையலுக்கு ஓரங்களில் அரை அங்குலம் தனியாக விட மறக்க வேண்டாம், இடுப்பு வட்டத்தையும் அரை அங்குலம் சிறிதாகவே வெட்டுங்கள்.

இரண்டு விஷயம் கவனம். கரை நேர்கோடு, பாவாடையின் அடி வளைவு, கரையைக் கொண்டுபோய் அங்கே தைத்தால் உட்காராது, சுருங்கி நிற்கும். அதனால் கரையை முதலிலேயே வெட்டி எடுத்து இடுப்புப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணி வட்டமாகத் திரும்பும்போது பூக்களும் திரும்பும், ஆகவே இங்குமங்கும் சிதறிய பூதான் நன்றாக இருக்கும், வரிசையாக நிற்கும் மாங்காய் டிசைன் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். வெட்டித் தைத்ததும் அடியை உடனே மடிக்காமல் ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். குறுக்கே வெட்டுப்பட்ட பகுதி தன் எடையில் இறங்கும், காலையில் பார்த்தால் சில இடங்களில் ஓர் அங்குலம்கூட நீண்டிருக்கும், அதைச் சமமாக வெட்டிவிட்டு அப்புறம் மடிக்கலாம். சரிகை போட்ட காஞ்சிபுரத்தை வெட்டாதீர்கள், அதைச் சேலையாகவே கட்டி ரவிக்கையை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், கத்தரியை எடுக்கும் முன் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். எந்தச் சேலைக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் உள்ள தையல்காரர்கள் கை தேர்ந்தவர்கள், ஆனால் பழகிய வெட்டிலேயே கை போகும். "இடுப்பு தொப்புளுக்கு வரணும்க்கா" என்றால் "இப்ப யாருமா அப்படிப் போடுறா, குண்டாத் தெரிவே" என்று பதில் வரும். வாதாடாமல் படத்தைக் காட்டி, அளவு ரவிக்கையையும் கையில் கொடுத்து, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் அங்குலத்தில் சொல்லி ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அந்தச் சமயத்தில் போய்ப் புதுமையாக எதையும் கேட்க வேண்டாம்.

வெயிலும் கறுப்பும்

பகலில் 33 டிகிரி, அதோடு காற்றில் ஈரம். 70களின் பாலியஸ்டர் சட்டை எத்தனை அழகாக இருந்தாலும் எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்து சேர்வதற்குள் முதுகில் ஒட்டிவிடும், அதை ஏர்கான் போட்ட இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி, லினன், ரேயான் மூன்றையும் முதலில் தேடுங்கள். கோத் பாணி பிடித்தவர்கள் லண்டன் குளிருக்கான அடுக்குகளை இங்கே நகலெடுக்கத் தேவையில்லை, ஒரே அடுக்கில் தளர்வான கறுப்பு லினன், வெள்ளி மோதிரங்கள், கறுப்பு நகப்பூச்சு, கொஞ்சம் மை, போதும். நம் தோல் நிறத்துக்கு ஆழ்ந்த சிவப்பும் வெள்ளியும் எவ்வளவு எடுப்பு என்பது ஐரோப்பியப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியதும் இல்லை. 60களின் பிரிட்டிஷ் இளைஞர்களிடமிருந்து வந்த மோட் பாணி இந்த ஊருக்கு இயல்பாகவே பொருந்தும்: போலோ சட்டை, நேர் சிலுவார், சுத்தமான காலணி. 80களின் மலாய் ரோக் இசை ரசிகர்களான மாட் ரோக் சாயலில் ஒட்டிய கறுப்பு ஜீன்ஸ் என்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும், அந்த ரோக் காபாக் இசையின் ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

கெபாயாவை மறந்துவிடுகிறோம். 2024இல் மலேசியா உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிய உடை அது, தமிழ் வேர் கொண்ட மலாக்கா செட்டிப் பெண்கள் தலைமுறைகளாக உடுத்துவது. பழைய பூத்தையல் கெபாயா கிடைத்தால் சாதா ஜீன்ஸோடு போட்டுப் பாருங்கள். பொத்தான் இருக்காது, கெரோங்சாங் ஊசிகள் மூன்றையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை பழைய பொருள் போடலாம் என்றால், அலுவலகத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பேன். பெல்பாட்டம் போட்டால் மேலே சாதாரண வெள்ளைச் சட்டை. தலை முதல் கால்வரை ஒரே காலத்தில் போனால் நாடகத்துக்குக் கிளம்பியதுபோல் இருக்கும், அதுவே பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள், வீட்டில் யாராவது "பாட்டி வந்துட்டாங்க" என்பார்கள், அவ்வளவுதான். உங்கள் ரசனை எது என்று குழப்பமாக இருந்தால் ஒரு மாதம் தினமும் உடுத்தியதை வாசல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். கை திரும்பத் திரும்ப எந்த வெட்டுக்குப் போகிறது என்று படமே காட்டிவிடும். அதில் வராத எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பண்டல் துணியை மற்றதோடு சேர்க்காமல் தனியாக ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு துவைத்து, உட்புறத்தைத் திருப்பி வெயிலில் போடுங்கள். பட்டுக்கு வெயில் ஆகாது, குளிர்ந்த நீர், நிழல். கம்பளி என்றால் நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி முட்டைகள் செத்துவிடும், ஐஸ்கிரீமை யாராவது தேடினால் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரிகைச் சேலை மேல் வாசனைத் திரவியம் அடிக்கக் கூடாது, அந்துருண்டையும் படக் கூடாது, கறுத்துவிடும். வெள்ளை மல் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு மடிப்பில் மடித்து வையுங்கள், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று இருக்கட்டும், மழை மாதங்களில் அது சீக்கிரம் நிறைந்துவிடும், அடிக்கடி பார்த்து மாற்றுங்கள்.