வெள்ளி ராத்திரி பிள்ளை தலையில் கை: யூதர் வீட்டு ஆசியைச் செய்யும் முறை

நம்ம பக்கம் ஆசி வேண்டுமென்றால் பிள்ளைதான் தேடி வரவேண்டும். பரீட்சைக்குப் போகும் காலையிலோ, பொங்கலுக்குப் புதுத்துணி உடுத்தியதுமோ காலில் விழுந்தால், அப்பாரு திருநீறு பூசி "நல்லா இருங்க சாமி" என்பார். யூதர் வீட்டில் இது தலைகீழ். நல்ல நாள், விசேஷம் எதுவும் பார்ப்பதில்லை. வாரா வாரம் வெள்ளி இரவு, சாப்பாட்டுக்கு முன்னால், பெற்றவர்களே பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். எபிரேய மொழியில் இதற்குப் பிர்கத் ஹபானிம் என்று பேர். பிள்ளைகளுக்கான ஆசி என்று அர்த்தம். பைபிள் படிக்கிற வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கும், ஒரு யூத வீட்டுக்கு விருந்தாளியாகப் போகப்போகிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

முதலில் நேரம். யூதக் கணக்கில் நாள் தொடங்குவது பொழுது சாயும்போது. அதனால் சனிக்கிழமை ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். ஓய்வுநாள் விளக்கைச் சூரியன் மறைவதற்குச் சுமார் 18 நிமிடம் முன்பே ஏற்றுவது பல ஊர்களின் வழக்கம். ஜெருசலேமில் 40 நிமிடம். கோயம்புத்தூரில் டிசம்பர் வாக்கில் 6 மணியை ஒட்டியும், ஜூன் கடைசியில் 6.50ஐ ஒட்டியும் பொழுது சாய்கிறது, அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆசி சொல்வது விளக்கேற்றிய கையோடு அல்ல. ஜெபாலயம் போனவர்கள் திரும்பி, எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடிய பிறகு, திராட்சரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் கித்தூஷுக்கு முன்னால். 'ஷாலோம் அலேகெம்' பாட்டுக்கு முன்பா பின்பா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நம் வீடுகளில் இதை எங்கே பொருத்துவது? தட்டு போடுவதற்கு முன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சந்தவையும் தேங்காய்ப் பாலும் முன்னால் வந்துவிட்டால் பிள்ளையின் கண் அங்கேதான் இருக்கும். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து அப்பா ஒன்பதரைக்குத்தான் வருவார் என்றால், அம்மா ஏழரைக்கே சொல்லிவிடலாம். பழைய வழக்கத்தில் இது அப்பாவின் வேலை. இன்று பல யூத வீடுகளில் அம்மாவும் சொல்கிறார், இருவரும் சேர்ந்தும் சொல்கிறார்கள். அப்பா வரட்டும் என்று தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளையை உட்கார வைத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை.

இனி வாசகம். இரண்டு பகுதி. முதல் பகுதி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பையனுக்கு:

யெசிம்ஃகா எலோஹிம் கெஎஃப்ராயிம் வெஃகிமெனாஷே.

பெண்ணுக்கு:

யெசிமேஃக் எலோஹிம் கெசாரா, ரிவ்கா, ராஃகேல் வெலேயா.

பையனுக்கு உள்ளது ஆதியாகமம் 48:20. தமிழ் பைபிளில் "தேவன் உன்னை எப்பிராயீமைப்போலவும் மனாசேயைப்போலவும் ஆக்குவாராக" என்று இருக்கிறது. பெண்ணுக்கு யூத குலத்தின் நான்கு அன்னையர் பேர்: சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள்.

இரண்டாம் பகுதி எல்லாருக்கும் பொது. எண்ணாகமம் 6:24 முதல் 26 வரை, ஆசாரியர்கள் ஜனங்களுக்குச் சொன்ன ஆசி:

யெவாரெஃகெஃகா அடோனாய் வெயிஷ்மெரெஃகா.
யாஏர் அடோனாய் பானாவ் ஏலெஃகா விஃகுநெக்கா.
யிஸ்ஸா அடோனாய் பானாவ் ஏலெஃகா வெயாசேம் லெஃகா ஷாலோம்.

"கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் வசனம்தான். முதல் வரியில் 3 சொல், அடுத்ததில் 5, கடைசியில் 7. வரிக்கு ஒரு மூச்சு வைத்துக்கொண்டால் போதும், தடுமாற்றம் வராது. வசனம் ஆண்பாலில்தான் இருக்கிறது. ஆனாலும் பெண்ணுக்குச் சொல்லும்போதும் வழக்கமாக மாற்றுவதில்லை, அப்படியே சொல்வார்கள். முதல் பகுதியில்தான் யெசிம்ஃகா, யெசிமேஃக் என்று பால் மாறும். புதிதாகச் சொல்பவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான்: மூத்தவனுக்குச் சொன்ன வேகத்தில் அம்முணிக்கும் எப்பிராயீம் பேரையே சொல்லிவிடுவது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. தொண்டையை உரசி வரும் எபிரேய ஒலியைத் தமிழில் காட்ட ஆய்த எழுத்து கைகொடுக்கும். 'எஃகு' என்பதில் ஃ எப்படி உரசுகிறதோ, கிட்டத்தட்ட அப்படி. வெறும் 'க' போட்டு எழுதினால் 'ஏலெகா' என்பதை நாம் 'ஏலெஹா' என்று வாசித்துவிடுவோம். விதிவிலக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'விஃகுநெக்கா'வில் கடைசி 'க்கா' வல்லினம். அங்கே உரசல் கிடையாது. இன்னொன்று, கடவுள் பேரை வீணாக உச்சரிக்கக் கூடாது என்பதால், பழகும்போது 'அடோனாய்' என்ற இடத்தில் 'ஹஷேம்' என்று சொல்லிப் பழகுவார்கள். உண்மையில் ஆசி சொல்லும்போதுதான் 'அடோனாய்'.

நாக்கு புரளவில்லையா, தமிழிலேயே சொல்லுங்கள். புரியாத மொழியில் திக்கித் திக்கி வாசிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வாசகம் வாரத்துக்கு வாரம் மாறாமல் இருக்கட்டும். பிள்ளைக்கு மனப்பாடம் ஆவதே கேட்டுக் கேட்டுத்தான்.

கை வைப்பது: சிலர் இரண்டு கையும் வைப்பார்கள், சிலர் ஒன்று மட்டும். இரண்டுக்கும் வழக்கம் உண்டு. உள்ளங்கை உச்சந்தலையில் படட்டும், விரல் தளர்ந்திருக்கட்டும், பாரம் இறங்கக் கூடாது. பதற்றத்தில் அழுத்துபவர்கள் உண்டு. பிள்ளையின் கழுத்து குனிந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பெண் தலையில் பூ வைத்திருந்தால் பூவுக்கு முன்னால் வகிட்டின்மேல் வையுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சொன்னால் போதும்.

பொதுவாக மூத்ததிலிருந்து இளையது வரை, ஒவ்வொருவராக. நேரம் மிச்சம் என்று இரண்டு பேர் தலையிலும் ஒரே சமயத்தில் கை வைக்காதீர்கள். தாத்தா யாக்கோபு, மகன் யோசேப்பின் பிள்ளைகள் மனாசே, எப்பிராயீம் இருவருக்கும் அப்படித்தான் வைத்தார், அதுவும் கையைக் குறுக்கே மாற்றி, வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையில். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. மூத்தவன் இவன் என்று கையை எடுத்து மாற்றப் பார்த்தார். யாக்கோபு தெரிந்தேதான் வைத்ததாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு நடந்தும் அந்த இரண்டு பேருக்குள்ளும் பொறாமை மூண்டதாகக் கதையில் ஒரு வரி இல்லை. ஆதியாகமத்தில் காயீன் ஆபேல் தொடங்கி அண்ணன் தம்பி என்றாலே சண்டைதான். அதனால்தான் இவர்கள் பேரைச் சொல்லி வாழ்த்துவது என்று ஒரு விளக்கம். அயல்நாடான எகிப்தில் பிறந்தும் தங்கள் வழியை விடாதவர்கள் என்பது இன்னொரு விளக்கம்.

வாசகம் முடிந்ததும் பிள்ளை 'ஆமேன்' சொல்லும். பல வீடுகளில் பிள்ளையின் காதில் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லி, நெற்றியில் முத்தம் கொடுத்து விடுவார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான். "தம்பிக்குச் சைக்கிளக் குடுத்தீங்கல்ல கண்ணு, அதப் பாத்தேன்" என்பது சரி. "அரைப்பரீட்சைல நல்ல மார்க்கு வாங்கீட்டீங்கன்னா..." என்று இழுத்தால் ஆசி பேரமாகிவிடும். "பெரியப்பா பையனைப் பாரு" என்பது அதைவிட மோசம். சாயங்காலம் சண்டை போட்டிருந்தாலும், பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் கை வைப்பதை நிறுத்தக் கூடாது. அந்த வாரம் சொந்த வார்த்தையை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் தறி ஓடும் வீடாக இருந்தால் காதோடு பேசுவது கேட்காது. தறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நாமக்கல் பக்கம் விடுதியில் படிக்கிற பிள்ளைக்குப் போனில் சொல்லலாம். ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் யூதர்கள் விளக்கேற்றிய பிறகு போனைத் தொடுவதில்லை; அதனால் தூரத்துப் பிள்ளைகளை அதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். விடுதி போனில் பின்னால் வரிசை நிற்கும் என்பதால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஆசியைச் சொல்லிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும் மாலையில், ஜெபாலயம் கிளம்புமுன் இதையே இன்னும் நீளமாகச் சொல்வார்கள். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முகத்திரையைப் போடும் நேரத்திலும் பெற்றவர்கள் தலையில் கை வைத்துச் சொல்வதுண்டு.

வயது வரம்பு இல்லை. கட்டிக்கொடுத்த மகள் வெள்ளிக்கிழமை வந்திருந்தால் அவளுக்கும் உண்டு. பதினாறு வயதுப் பையன் கூச்சப்பட்டு நகர்ந்தால் இழுத்துப் பிடிக்காமல் தோளில் கை வைத்துச் சொல்லிவிடுங்கள். அப்பிச்சியும் அம்மாயியும் வந்திருந்தால் அவர்களும் சொல்லலாம். ஆனால் ஒருவர் முடித்து 'ஆமேன்' கேட்ட பிறகுதான் அடுத்தவர் கை வைக்கவேண்டும்.