ஏர் ரைஃபிளைத் துரு தின்னாமல் இருக்க

பெசன்ட் நகர் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது ஏர் ரைஃபிள் மட்டும் தப்புமா? பயிற்சி முடிந்ததும் அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிடுவது என் வழக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்தால், பேரலில் (துப்பாக்கிக் குழலில்) விரல் பட்ட இடமெல்லாம் செம்புள்ளிகள்! கை வியர்வையின் உப்பும், பெட்டியின் ஸ்பாஞ்ச் பிடித்துவைத்த ஈரமும் செய்த வேலை.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும், உள்ளே பெல்லட் (சுடப் போடும் சிறு குண்டு) இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, உலோகப் பகுதிகளை உலர்ந்த துணியாலும், அப்புறம் துப்பாக்கி எண்ணெய் லேசாகத் தொட்ட துணியாலும் துடைக்கிறேன். மாட்டுவது பீரோவுக்குள்; பூட்டு கட்டாயம். பெட்டி எடுத்துச் செல்ல மட்டும்தான். பக்கத்தில் நீல சிலிக்கா ஜெல் பை ஒன்று. மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கின் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிள் என்றால், காற்று அழுந்தும் அறைக்குள் சாதாரண எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தின் சூட்டில் அது டீசல் எஞ்சின் போலப் பற்றிக்கொண்டு, காற்று கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைக் கெடுத்துவிடும். பெல்லட் போடாமல் சுடுவதும் இந்த ரைஃபிளுக்கு ஆகாது. ஸ்பிரிங்கும் சீலும்தான் அடி வாங்கும்.