நோய்ப் பரவல் காலத்தில் பயணத் திட்டம்: கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது எப்படி

2021 நவம்பர் 26 அன்று, டிசம்பர் 15 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கும் என்று இந்திய அரசு அறிவித்தது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா வைரஸின் ஒமிக்ரான் வகையைக் கவலைக்குரிய திரிபு என்று வகைப்படுத்தியது. டிசம்பர் 1 அன்று அந்த விமான அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்தே நாள்.

விதி இவ்வளவு வேகமாக மாறும்போது வழக்கமான முறையில் திட்டம் போட்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும். சாதாரண நாளில் தேதியைக் குறித்து, டிக்கெட் எடுத்து, மற்றதைப் பிறகு பார்ப்போம். இங்கே வரிசை தலைகீழ். எந்த நாள் வரை பெரிய நஷ்டமில்லாமல் விலகலாம் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். டிக்கெட் அதற்குப் பிறகுதான்.

விளக்குவதற்கு ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து மூன்று பேர், சென்னை வழியாக சிங்கப்பூர், காலம் 2021 டிசம்பர். அன்றைய விதிகள் இன்று நடைமுறையில் இல்லை. கணக்குப் போடும் முறை மட்டும் எந்த நோய்ப் பரவலுக்கும் பொருந்தும்.

படி 1: தள்ளிப்போட முடியுமா?

சுற்றுலா, உறவினர் வீட்டுக்குப் போவது என்றால் தள்ளிப்போடலாம். கல்லூரிச் சேர்க்கை, வேலையில் சேரும் நாள், பெற்றோரின் அறுவை சிகிச்சை என்றால் முடியாது. இதை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள். தள்ளிப்போடக்கூடிய பயணத்துக்குப் பணம் திரும்பாத எதையும் வாங்கக் கூடாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

படி 2: விதிகளை நான்கு இடத்தில் தேடுங்கள்

கிளம்பும் இடம், இடையில் விமானம் மாறும் நாடு, போய்ச் சேரும் நாடு, திரும்பி வரும்போது இந்தியா. இந்த நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் போகும் வழி. சிங்கப்பூர் 2021 நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்கென்று ஒரு தனிப் பாதையைத் திறந்தது. சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து அதற்கென்று குறித்த விமானங்களில் மட்டுமே அந்தச் சலுகை. முன்கூட்டியே அனுமதிச்சீட்டு, கிளம்புவதற்கு முந்தைய பரிசோதனை, இறங்கியதும் ஆர்டிபிசிஆர் என்ற தொற்றுப் பரிசோதனை, குறுகிய காலப் பயணிகளுக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பீடு. இவ்வளவும் சரியாக இருந்தால் தனிமைப்படுத்தல் கிடையாது.

இதில் ஒரு இடம் சிக்கலானது. தடுப்பூசி இல்லாமல் பெரியவர்களோடு வர 12 வயது வரையான குழந்தைகளுக்கே அனுமதி. இந்தியாவிலோ 15 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதே 2022 ஜனவரி 3 அன்றுதான். நம் மூவரில் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால், டிசம்பரில் இந்தப் பாதை அந்தக் குடும்பத்துக்கு இல்லவே இல்லை. ஆகவே விதியைப் படிக்கும்போது வீட்டில் இளையவர், மூத்தவர் இருவரின் வயதையும் பக்கத்தில் எழுதிவைத்துப் படியுங்கள். "நமக்குப் பொருந்தும்" என்று மேலோட்டமாக முடிவு செய்வதில்தான் பல திட்டங்கள் விமான நிலையத்தில் உடைகின்றன.

இனி திரும்பும் வழி. டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய விதியில் ஆபத்துப் பட்டியல் நாடுகள் என்று ஒரு வரிசை இருந்தது. தொடக்கத்தில் சிங்கப்பூரும் அதில் இருந்தது. அந்நாடுகளிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்திலேயே பரிசோதனை செய்து முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், தொற்று இல்லையென்றாலும் ஏழு நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டும், எட்டாம் நாள் மறுபடியும் பரிசோதனை. நான்கு நாள் பயணத்துக்கு ஒரு வார விடுப்பு கூடுதலாக வேண்டும் என்பது அந்தப் பக்கத்தைப் படித்தால்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். அரசின் பக்கத்தையே திறந்து, "எந்தத் தேதி முதல்" என்ற வரியைத் தேடி, பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளில் தினமும்.

படி 3: பின்னோக்கி நாட்காட்டி

இந்த வேலைக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கலாம். வீட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டியும் பென்சிலும் போதும்.

விமானம் வியாழக்கிழமை இரவு 11.30 மணிக்கு என்று வையுங்கள். பரிசோதனை 48 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றால் செவ்வாய் இரவு 11.30க்குப் பிறகு கொடுத்த மாதிரி மட்டுமே செல்லும். அந்த நேரத்தில் சாதாரண ஆய்வகம் திறந்திருக்காது. ஆக புதன் காலை 8 மணிக்கு மாதிரி கொடுக்க வேண்டும். முடிவு வர 24 மணி நேரம் என்றால் வியாழன் காலை 8 மணி. தாமதமானால் சமாளிக்க மாலை வரை நேரம் இருக்கிறது. இதுவே விமானம் திங்கள் காலை என்றால் மாதிரி கொடுக்கும் நாள் சனி அல்லது ஞாயிறு. ஞாயிறு பல ஆய்வகங்கள் அரைநாள்தான். மலிவான டிக்கெட் பெரும்பாலும் எந்தக் கிழமையில் கிடைத்தாலும், இத்தகைய காலத்தில் புதன் முதல் வெள்ளி வரை கிளம்பும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மணிக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சில நாடுகள் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணின, சில முடிவு வந்த நேரத்திலிருந்து. முதல் விமானம் கிளம்பும் நேரமா, கடைசி விமானம் கிளம்பும் நேரமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறியது. இடையில் எட்டு மணி நேரம் காத்திருக்கும் பயணத்தில் சான்றிதழ் அங்கேயே காலாவதியாகிவிடும்.

அடுத்து, மாதிரியை எந்த ஊரில் கொடுப்பது? புதன் காலை திருநெல்வேலியில் கொடுத்துவிட்டு அன்று மாலை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு நாள் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் தொற்று உறுதி என்ற செய்தி ரயிலில் வந்தால் என்ன செய்வீர்கள்? பெட்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது ஆபத்து. செவ்வாய் மாலை ரயில் ஏறி, புதன் காலை எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து நேராக ஆய்வகம், பிறகு முடிவு வரும் வரை அறை. ஒரு இரவு வாடகை கூடுதல்தான். அதைத் தயங்காமல் செலவழியுங்கள்.

தடுப்பூசிக் கணக்கு இன்னும் நீளமானது. 2021 மே மாதத்திலிருந்து கோவிஷீல்டு இரண்டு தவணைக்கு இடையே 84 நாள். இரண்டாவது தவணைக்குப் பின் 14 நாள் ஆனால்தான் முழுமையாகப் போட்டவர் என்று பெரும்பாலான நாடுகள் ஏற்றன. மொத்தம் 98 நாள், அதாவது மூன்று மாதத்துக்கு மேல். வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்களுக்கு 28 நாளிலேயே இரண்டாவது தவணை போட 2021 ஜூன் மாதம் விதிவிலக்கு வந்தது. கோவாக்சின் போட்டவர்களுக்கு இடைவெளி குறைவு, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அவசர ஒப்புதல் பட்டியலில் அது சேர்ந்தது 2021 நவம்பர் 3 அன்று. அதற்கு முன் பல நாடுகள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஏற்கெனவே தொற்று வந்து குணமானவர் வீட்டில் இருந்தால் தனியாகக் குறித்துவையுங்கள். குணமான பிறகும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, ஆர்டிபிசிஆர் முடிவு 'பாசிட்டிவ்' என்று வரலாம். வைரஸின் மரபணுத் துணுக்குகளைக்கூட அந்தச் சோதனை கண்டுபிடித்துவிடும் என்பதே காரணம். போகும் நாடு குணமடைந்த சான்றிதழை ஏற்குமா என்று தெரியாமல் அவருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

படி 4: பெயர்

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல். ஆதாரில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டவரின் சான்றிதழில் முன்னெழுத்துதான் இருக்கும். விமான நிறுவன ஊழியர் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்.

இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் பெயரைத் திருத்தவும் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் வழி இருந்தது. மறுபடி மறுபடி திருத்த விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இடைவெளி உட்பட அதில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். சான்றிதழில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் முழுப் பிறந்த தேதி உள்ள பன்னாட்டுப் பயணச் சான்றிதழைத் தனியாகத் தரவிறக்க வேண்டும். பிரிட்டன் 2021 செப்டம்பரில் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் இந்தியச் சான்றிதழை அக்டோபர் 11 வரை ஏற்கவில்லை. ஊசி சரி, தாள் சரியில்லை என்றாலும் பத்து நாள் தனிமைதான். ஆகவே டிக்கெட்டுக்கு முன்பே இந்தத் தாளைச் சரிசெய்யுங்கள்.

படி 5: பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு செலவுக்கும் எதிரில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: பணமாகத் திரும்பும், கடன் கணக்காகத் திரும்பும், திரும்பாது.

நடுவில் உள்ளதைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2020 ஊரடங்கில் விமான நிறுவனங்கள் பணத்துக்குப் பதிலாக "பிறகு பயணம் செய்துகொள்ளுங்கள்" என்று கடன் கணக்கில் வைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று வந்த உத்தரவின்படி, ஊரடங்குக்குள்ளேயே எடுத்து ஊரடங்குக்குள் பயணிக்க வேண்டியிருந்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் உடனே தர வேண்டும். முன்பே எடுத்திருந்தவர்களுக்கு, நிறுவனத்தால் உடனே தர முடியாவிட்டால் 2021 மார்ச் 31 வரை கடன் கணக்கு. முகவர் மூலம் எடுத்திருந்தால் பணம் முகவர் வழியாகவே வரும். ஒரு ஆண்டு பணம் முடங்கினால் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு, தாங்காதென்றால் நிபந்தனையில் "பணமாகத் திரும்பும்" என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. மாற்றம் வரும்போது ஒரே ஒருவரிடம் பேசினால் போதும். விமானம் மாறிப் போவதென்றால் இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் ரத்தானபின் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

ரயிலில் ரத்துக் கட்டணம் தெளிவானது. அந்தக் காலத்து விதிப்படி, உறுதியான டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ஸ்லீப்பருக்குத் தலைக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 180 ரூபாயும் வரியும். 48லிருந்து 12 மணி வரை கட்டணத்தில் 25 சதவீதம், 12லிருந்து 4 மணி வரை 50 சதவீதம். உறுதியான தட்கலுக்கு எதுவும் திரும்பாது. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் இணையவழி டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாக வந்துவிடும். அவசரப்பட்டு நீங்களாக ரத்து செய்யாதீர்கள்.

ஹோட்டலில் "இலவச ரத்து" என்பதற்குப் பக்கத்தில் ஒரு தேதியும் மணியும் இருக்கும். அது ஹோட்டல் இருக்கும் ஊரின் மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

படி 6: காப்பீடு

மூன்று கேள்விக்குப் பாலிசியில் எழுத்தில் பதில் வேண்டும். அங்கே தொற்று வந்தால் மருத்துவமனைச் செலவு உண்டா? தனிமைப்படுத்தும் அறை வாடகை உண்டா? கிளம்பும் முன் தொற்று உறுதியானால் ரத்துச் செலவு உண்டா? விதி மாறியது, பயமாக இருக்கிறது என்ற காரணங்களுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை.

படி 7: முடிவு நாட்கள்

நம் நாட்காட்டியில் செவ்வாய் மாலை ரயில். 48 மணி நேரம் பின்னால் போனால் ஞாயிறு மாலை. ஆக ஞாயிறு காலைதான் "போகிறோமா இல்லையா" என்று உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். அன்று விலகினால் ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு மூவருக்கும் சேர்த்து 360 ரூபாய்தான் நஷ்டம். ஹோட்டல் ரத்துத் தேதியும் விமான மாற்றத் தேதியும் இந்த ஞாயிறுக்குப் பின்னால் விழும்படி வாங்கியிருந்தால் எல்லாமே ஒரே நாளில் முடிவாகிவிடும். இப்படிப் பொருத்திவைப்பதுதான் இந்த முறையின் உயிர்.

எந்த நிலை வந்தால் விலகுவது என்பதையும் முன்பே எழுதுங்கள்: வீட்டில் யாருக்காவது காய்ச்சல், திரும்பும் விதியில் புதிய தனிமைப்படுத்தல், நுழைவு விதியில் மாற்றம். இது பேச்சளவு ஆபத்து இல்லை. சிங்கப்பூர் 2021 டிசம்பர் 22 அன்று, மறுநாள் முதல் ஜனவரி 20 வரை அந்தத் தனிப் பாதைக்கான புதிய டிக்கெட் விற்பனையை நிறுத்தியது. கையில் டிக்கெட் இருந்தவர்கள் போகலாம், தேதியை மாற்ற நினைத்தவர்களுக்கு இடமில்லை.

படி 8: பெட்டியில் என்ன, திரும்பிய பின் என்ன

தினமும் சாப்பிடும் மாத்திரை பயண நாட்களுக்கு மேல் 14 நாளுக்கு, மருந்துச் சீட்டோடு, பிரிக்காத அட்டையில். அங்கே பத்து நாள் அடைபட்டால் அறைக்கும் உணவுக்கும் ஆகும் பணம் வங்கி அட்டையில் தனியாக. விசா முடியும் நாள் திரும்பும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் பின்னால். சான்றிதழ்கள் கைபேசியில் ஒரு பிரதி, தாளில் இரண்டு. கைபேசி அணைந்துபோனால் வரிசையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள்.

திரும்பிய பின் ஏழு நாளுக்குக் கல்யாணம், தேர்வு, கிரகப்பிரவேசம் எதையும் வைக்காதீர்கள். 2022 ஜனவரி 11 முதல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏழு நாள் வீட்டில் தனிமை என்று இந்தியா விதித்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே நான்கு நாள்தான். பிப்ரவரி 14 அன்று அது விலக்கப்பட்டது. டிசம்பர் இறுதியில் கிளம்பி ஜனவரி நடுவில் திரும்பியவருக்கு, போகும்போது இல்லாத விதி இது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போதே அந்த ஏழு நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தால் அதையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.