வணிகவரி ஊழியர்களே, ஓய்வூதியத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

வணிகவரித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஓய்வுபெறும் ஒருவருக்கு ஓய்வூதியம் தாமதமானால், பழி உடனே அதற்கு ஒப்புதல் தரும் சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் மேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் அவருடைய பணிப்பதிவேட்டிலேயே இருக்கும்.

வேலூர்ப் பக்கம் இந்தச் சிக்கல் கூடுதல். வேலூரும் சேர்ந்திருந்த பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஒரே ஊழியர் ஆம்பூர், ஆரணி, ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடி என்று மாறி மாறி வேலை பார்த்திருப்பார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் அந்தச் சாவடிகளும் போய்விட்டன. அங்கே பணியாற்றிய காலத்துக்குப் பணி சரிபார்ப்புக் குறிப்பும் அலுவலரின் கையொப்பமும் பதிவேட்டில் இல்லையென்றால், பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்துத்தான் நிரூபிக்க வேண்டும். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தத் தேடலைத் தொடங்காதீர்கள்; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களின் பழைய திட்டத்தில் 30 ஆண்டுத் தகுதிப் பணி இருந்தால்தான் முழு ஓய்வூதியம், அதாவது கடைசி ஊதியத்தில் பாதி. அதற்குக் கீழே இருப்பவருக்கு விடுபட்ட ஒவ்வோர் அரையாண்டும் நட்டம்தான். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தம் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட பணம் மாதந்தோறும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.

அடுத்தது மனைவியின் பெயர். பதிவேட்டில் ‘விஜயலட்சுமி’, ஆதாரில் ‘விஜயா’, வங்கிக் கணக்கில் வேறு முதலெழுத்து. கணவர் இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் போனபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் அம்மாவைத்தான் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுவார்கள். பணியில் இருப்பவர் ஒரு மனு கொடுத்தால் முடிகிற வேலை இது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை தொகுத்து, அதாவது முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறலாம். அப்படிப் பெற்றால் அகவிலைப்படியும் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். அகவிலைப்படி முழு ஓய்வூதியத்துக்கே கணக்கிடப்படும். தொகுத்ததால் மாத ஓய்வூதியத்தில் குறைந்த பகுதியும் 15 ஆண்டுகளில் திரும்பிவிடும். ஓய்வுபெற்று ஓராண்டு கடந்தபின் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை உண்டு என்பதால், முன்பே முடிவெடுங்கள்.

ஓய்வுபெறும்போது மொத்தமாகக் கையில் வரும் பணிக்கொடையை அதிக வட்டி ஆசைக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2022-இல் காட்பாடியிலும் ஆரணியிலும் மாத வட்டியை நம்பி ஓய்வுக்காலப் பணத்தை இழந்த குடும்பங்கள் நம் கண்முன் இருக்கின்றன. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய்வரை போடலாம். வட்டி குறைவாகத் தோன்றினாலும் போட்ட பணம் பத்திரமாக இருக்கும்.

ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணலை மறப்பவர்களும் உண்டு. இப்போது அது அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் வருகிறது. கருவூலத்துக்குப் போக முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து, விரல்ரேகை வைத்து டிஜிட்டல் வாழ்நாள் சான்று தரலாம்.

ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் ஆணையான ஓய்வூதியக் கொடுப்பாணை கைக்கு வந்ததும் அதில் மனைவியின் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 80 வயதில் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியம் குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. தேதி இல்லாத கொடுப்பாணையை வைத்துக்கொண்டு, எண்பது வயதில் அவர் தம் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.